பினாங்கைக் கைவிட்ட இரவு: அணுகுண்டுக் கேள்விக்கு 1941 சொல்லும் பதில்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பயங்கரவாதிகள் கையில் அணுகுண்டு கிடைத்து, ஏதாவது ஒரு நகரத்தில் அதை வெடித்துவிட்டால் அந்த நாடு என்ன செய்யும்? என்ன செய்ய வேண்டும்? இதுதான் இன்றைய அரங்கில் நெறியாளர் எங்கள் முன் வைத்த கேள்வி. எனக்கு முன்னால் பேசியவர்கள் பதிலடியைப் பற்றிப் பேசினார்கள். யாரைத் தண்டிப்பது, எந்த நாட்டின் மேல் பாய்வது என்று விவாதம் சூடாகவே போனது.

நான் சரித்திரம் படிக்கிறவன். பயங்கரவாதிகள் அணுகுண்டு வெடித்த நகரம் என்று உலகத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. நடக்காத ஒன்றுக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் எதிர்பாராத நேரத்தில் ஒரு நகரம் அடிபட்டால் அரசாங்கம் எப்படி நடந்துகொள்ளும், மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஜோர்ஜ் டவுனே அதற்குச் சாட்சி.

அதற்கு முன் விஞ்ஞானிகள் சொல்லும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களை எந்த அரசாங்கத்தாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு வெளியே, சில மைல் தூரத்தில் இருப்பவர்களின் உயிர்தான் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. வெடிப்பில் மேலே போன மண்ணும் தூசியும் கதிரியக்கத்தோடு திரும்பக் கீழே விழும். அதன் கடுமை முதல் சில மணி நேரத்தில்தான் மிக அதிகம். வெடித்து 1 மணி நேரத்தில் இருந்த கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 49 மணி நேரத்தில் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே செங்கல் கட்டடத்திலோ கான்கிரீட் கட்டடத்திலோ, சன்னலை விட்டுத் தள்ளி, உள்ளறையில் ஒரு நாள் முழுக்க அடங்கி இருப்பதுதான் பிழைக்கும் வழி. காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் நேராகத் தூசிக்குள் போய் மாட்டிக்கொள்வார்.

சொல்வது சுலபம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, தாய் வீட்டில் இருக்கிறார். வெளியே வராதீர்கள், பிள்ளையை அழைத்துவரப் போகாதீர்கள் என்று அமைச்சர் வானொலியில் சொல்கிறார். அந்தத் தாய் கேட்பாரா? ஒரு நாட்டின் பதில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை மக்கள் நம்புகிறார்களா இல்லையா என்பதில் அடங்கிக் கிடக்கிறது. இராணுவம், ஏவுகணை, ஐ.நா. சபை எல்லாம் அதற்கு அப்புறம்.

டிசம்பர் 11, வியாழக்கிழமை

பினாங்குக்கு எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் 28 அதிகாலையில், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு வேஷம் போட்டு இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்தது. நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. வெளியே போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. ரஷ்யக் கப்பலின் தலைவர் அந்த நேரத்தில் கரையில் இருந்தார்! இதே எம்டன்தான் அதற்கு முந்திய மாதம் சென்னையில் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த கதை இதுதான்.

அதற்கு 27 ஆண்டுகள் கழித்து இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ஆங்கிலேயர்கள் பினாங்கைக் கோட்டை என்று அறிவித்திருந்தார்கள். பத்து மாவுங்கில் பெரிய பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றன. வானத்தைப் பார்க்கும் பீரங்கி நகரத்தில் ஒன்றுகூட இல்லை.

1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்து பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் விமானத் தளங்களில் குண்டு விழுந்தது. 11ஆம் தேதி வியாழக்கிழமை ஜோர்ஜ் டவுனின் முறை. விமானங்கள் கூட்டமாக வந்தபோது மக்கள் பதுங்கவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவை நம்முடைய விமானங்கள் என்றே பலர் நினைத்தார்கள். ஆங்கிலேயனை ஜப்பான்காரன் என்ன செய்துவிட முடியும் என்றுதானே அத்தனை காலமும் சொல்லி வைத்திருந்தார்கள்! குண்டு விழுந்தது. அடுத்து, தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். கடைகளும் வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த பகுதிகள் எரிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் அன்றே மாண்டார்கள்.

மறுநாளும் விமானங்கள் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. நகரம் காலியானது. ஆயர் ஈத்தாமுக்கும், பாலிக் புலாவுக்கும், கொடிமலை அடிவாரத்துக்கும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். காவலர்கள் பலர் வேலையை விட்டுவிட்டார்கள். நகராண்மைக் கழகத் தொழிலாளர்களும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டி உள்ளவர்கள்தானே. தெருவில் கிடந்த பிணங்களை எடுக்க ஆள் இல்லை. குப்பை மலைபோல் சேர்ந்தது. காலராவும் டைபாய்டும் வந்துவிடும் என்ற பயம் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் கொள்ளை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான், போர் என்றால் இப்படித்தான் இருக்கும். பினாங்கு மக்களால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று.

டிசம்பர் 13 இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சத்தமில்லாமல் துறைமுகத்துக்கு அழைத்து வரப்பட்டு, தீவை விட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள். 16ஆம் தேதி இரவு மிச்சமிருந்த ஐரோப்பிய ஆண்களும் படையினரும் போனார்கள். ஆசிய மக்களுக்கு ஓர் அறிவிப்பும் இல்லை. தொண்டர் படையில் சேர்ந்து ஆங்கிலேயருக்காகத் துப்பாக்கி ஏந்திய சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும், நீங்களும் வரலாம், குடும்பத்தை அழைத்து வர முடியாது என்று சொல்லப்பட்டது. பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள். நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்?

பொழுது விடிந்தபோது அரசாங்கம் இல்லை. 155 ஆண்டுகளுக்கு முன் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய தீவு இது. அந்தக் கொடி மட்டும் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. ஏற்றியவர்கள் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் துறைமுகத்தில் படகுகளை விட்டுவிட்டுப் போனார்கள். வானொலி நிலையத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் பின்னால் ஜப்பானியருக்கு நன்றாகப் பயன்பட்டன.

கொடியை இறக்கிய தமிழர்

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். இங்கே வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். கொழும்பு மாநகரத்தின் முதல் மேயரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து இவருடைய சகோதரர். கொழும்பில் பி.சரா ஓவல் என்று ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறதே, அது இன்னொரு சகோதரர் பாக்கியசோதியின் பெயரில் அமைந்தது.

சரவணமுத்துவிடம் படை கிடையாது, பதவி கிடையாது. ஊரிலிருந்த பல இனத்தவரையும் சேர்த்துக்கொண்டு பினாங்கு சேவைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அவர் தலைமை ஏற்றார். தொண்டர்களைத் திரட்டிக் கொள்ளையை அடக்குவது, உணவைப் பங்கிடுவது, பிணங்களை அப்புறப்படுத்துவது என்று அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள்.

கொடி பறக்கும் வரை குண்டு நிற்காது என்பது அவருக்குப் புரிந்தது. கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய் யூனியன் ஜாக்கை இறக்கினார். வெள்ளைக்கொடி ஏறியது. விட்டுவிட்டுப் போன வானொலி நிலையத்திலிருந்து ஜப்பானியருக்கு அறிவிப்புச் செய்தார். ஆங்கிலேயர் வெளியேறிவிட்டார்கள், இது தற்காப்பு இல்லாத நகரம், குண்டு போடாதீர்கள் என்பதுதான் செய்தி. டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியப் படை சண்டையில்லாமல் தீவுக்குள் நுழைந்தது.

சரணாகதி ஒரு வீரமா என்று கேட்கலாம். நான் கேட்க மாட்டேன். சண்டை போட வேண்டியவர்கள் போன பிறகு, மிஞ்சியிருந்த ஜனங்களின் உயிருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். ஜப்பானியர் அவருக்கு மாலை போடவில்லை, பின்னால் சிறையில் அடைத்தார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளில் பினாங்குச் சீனர்கள் பட்ட கொடுமையும், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த கதையும் தனியாகச் சொல்ல வேண்டியவை. போருக்குப் பின் சரவணமுத்து இலங்கையின் பிரதிநிதியாக இந்த வட்டாரத்தில் பணியாற்றினார். 'தி சாரா சாகா' என்ற தம் வாழ்க்கைக் கதையை 1970இல் வெளியிட்டார்.

சிங்கப்பூரில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில் பேசினார். பினாங்கு மக்களில் பெரும்பாலோர் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டார்கள் என்று பொருள்படும்படி அவர் பேச்சு அமைந்தது. அவர் கணக்கில் மக்கள் என்றால் வெள்ளைக்காரர்கள். வானொலி கேட்ட ஆசியர்கள் கொதித்துப் போனார்கள். இனிமேல் வெளியேற்றத்தில் இன வேறுபாடு காட்டப்படாது என்று கவர்னர் ஷென்டன் தாமஸ் வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. யார் அதை நம்பினார்கள்? மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சி 1957 வரை நீடித்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பினாங்குக்காரர்கள் மனதில் அது 1941 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

இப்போது நான் முதலில் சொன்ன வாக்கியத்துக்கு வாருங்கள். 'வீட்டுக்குள்ளேயே இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' இதை 1941 டிசம்பர் 17ஆம் தேதி காலையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி பினாங்கில் சொல்லியிருந்தால் ஓர் ஆள் கேட்டிருப்பாரா? சரவணமுத்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

சொல்லாமல் விட்ட நேரம்

இது பழைய கதை, வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் நம் நேரப்படி காலை 8.58க்குப் பூகம்பம். பினாங்குக் கடற்கரைக்கு அலை வந்தபோது மதியம் 1 மணி ஆகியிருந்தது. இடையில் 4 மணி நேரம்! கடற்கரைக்குச் சுற்றுலா வந்தவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தீவிலும் பெருநிலத்திலுமாகப் பினாங்கு மாநிலத்தில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லும் ஏற்பாடு இல்லை. அதன் பிறகுதான் நாட்டில் சுனாமி எச்சரிக்கை அமைப்பும் கடற்கரை அபாயச் சங்குகளும் வந்தன.

அணு விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 2018 ஆகஸ்டு 10ஆம் தேதி, சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு லாரியில் போன ஒரு தொழில்துறைக் கருவி வழியில் காணாமல் போனது. எடை 23 கிலோ. உள்ளே இரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அணுகுண்டு செய்ய அது உதவாது. ஆனால் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்து வெடித்தால் ஒரு கடைத்தெருவையே மூடிவிடலாம், 'அழுக்குக் குண்டு' என்கிறார்களே அதுதான். பத்து நாள் கழித்து, பத்திரிகை வழியாகத்தான் பொதுமக்களுக்குச் செய்தி தெரிந்தது.

அந்த மாதிரிப் பொருள் ஓர் ஊரில் கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரேசில் நாட்டின் கோயானியா நகரம் 1987இல் பார்த்தது. பயங்கரவாதி யாரும் இல்லை. கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் எடுத்து வந்த சீசியம். இருட்டில் நீலமாக மின்னுகிறதே என்று அக்கம்பக்கத்தில் பகிர்ந்துகொண்டார்கள். இறந்தவர்கள் 4 பேர். உடலில் கதிரியக்கம் ஒட்டியிருந்தவர்கள் 249 பேர். ஆனால் பரிசோதனைக்காக விளையாட்டரங்கத்துக்கு வந்தவர்கள் 1,12,000 பேர்! பயம் எத்தனை மடங்கு பெரியது பாருங்கள். இறந்துபோன 6 வயதுச் சிறுமியை அடக்கம் செய்ய விடாமல் ஊரார் கல்லெறிந்தார்கள்.

பணக்கார நாடு என்றால் ஒழுங்காகச் சொல்லிவிடும் என்றும் இல்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஒரு வாரத்தில், அங்குள்ள காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது. அதை நம்பி வேலை செய்த மீட்புப் பணியாளர்கள் பின்னாளில் நுரையீரல் நோயோடு மருத்துவமனைக்கு அலைந்தார்கள். அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் அப்போது இல்லை என்று அந்த அமைப்பின் கண்காணிப்பு அதிகாரியே 2003இல் அறிக்கை கொடுத்தார்.

பதிலடி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நெறியாளர் நினைவூட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாடு ஏவுகணை விட்டால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பயங்கரவாதியின் குண்டுக்கு முகவரி கிடையாது. கோபத்தில் இருக்கும் நாடு ஏதாவது ஒரு முகவரியைத் தேடும். அந்த முகவரி நம்முடையதாகவும் இருக்கலாம். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியில் மறித்துச் சோதித்தபோது, யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரத்துக்கான பாகங்கள் கிடைத்தன. செய்த இடம் நம் ஷா ஆலாம். பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ.கானின் கள்ளச்சந்தை வலையமைப்புக்காகச் செய்தது. எதற்காகச் செய்கிறோம் என்பது அந்தத் தொழிற்சாலைக்குத் தெரியாது என்று நம் போலீஸ் விசாரணை 2004இல் சொன்னது. 2010இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டோம். யோசித்துப் பாருங்கள், அந்தப் பாகங்களில் ஒன்று வெடித்த குண்டோடு சம்பந்தப்பட்டிருந்தால், அடிபட்ட நாடு நம் விசாரணை முடியும் வரை பொறுத்திருக்குமா?

ஹிரோஷிமாவில் ஒரு பினாங்குக்காரர்

உண்மையான அணுகுண்டுக்கு ஒரு நகரம் எப்படிப் பதில் சொன்னது என்பதை நேரில் பார்த்த பினாங்குக்காரர் ஒருவர் இருந்தார். அப்துல் ரசாக் அப்துல் ஹமீது. ஜப்பானியர் மலாயாவிலிருந்து படிக்க அனுப்பிய மாணவர்களில் ஒருவர். 1945 ஆகஸ்டு 6 காலையில் ஹிரோஷிமாவில் வகுப்பில் இருந்தார். கட்டடம் சரிந்தது. இடிபாட்டிலிருந்து வெளியே வந்து பிழைத்தார். உடன் இருந்த மலாயா மாணவர்களில் நிக் யூசோப் அங்கேயே இறந்தார். சையது ஓமார் ஊர் திரும்பும் வழியில், செப்டம்பரில், கியோத்தோவில் இறந்தார். அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

வெடித்த பின் சில நாட்கள் அந்தத் தென்கிழக்காசிய மாணவர்கள் பல்கலைக்கழகத் திடலிலேயே தங்கி, உயிர் தப்பிய ஜப்பானியருக்கு உதவினார்கள். தங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட நாட்டின் ஜனங்களுக்கு! மூன்றாம் நாளே அந்த நகரத்தில் ஒரு டிராம் தடம் மறுபடி ஓடியது என்பதும் பதிவாகியிருக்கிறது. அரசாங்கம் திரும்பி வருவதற்கு முன்னால் திரும்பி வந்தவர்கள் டிராம் ஓட்டுகிறவர்களும், தாதிமார்களும், வெளிநாட்டு மாணவர்களும்தான். ரசாக் ஊர் திரும்பி ஆசிரியரானார். நம் நாட்டில் ஜப்பானிய மொழி கற்பித்தலுக்கு வழி அமைத்தவர்களில் ஒருவர். 2013இல் காலமானார்.

அரங்கில் ஓர் அன்பர் கையைத் தூக்கினார். இப்போது பாலம் இருக்கிறதே, ஓடிவிடலாமே என்றார். பாலம் இரண்டு இருக்கிறது ஐயா, 1985இல் திறந்தது ஒன்று, 2014இல் திறந்தது ஒன்று. தீவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் அந்தப் பாலத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள்? பாலத்தில் நிற்கும் காருக்குக் கூரை ஒரு தகரம்தான். கதிரியக்கத் தூசிக்கு அது ஒரு தடையே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளிக்கும் வங்காளதேசிக்கும் எந்த மொழியில் யார் சொல்வது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1941இல் கணக்கில் வராமல் போனது நாம். இன்று கணக்கில் வராமல் போகக் கூடியவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒரு தாய் எழுந்தார். "எல்லாம் சரிங்க ஐயா, பிள்ளை பள்ளியில இருந்தா நான் எப்படி வீட்டுல உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டார். இன்றைய அரங்கில் வந்த கேள்விகளிலேயே இதுதான் பெரிய கேள்வி. உங்கள் பிள்ளையின் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள் அம்மா. ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் வைத்திருக்க வேண்டி வந்தால் தண்ணீர் இருக்கிறதா, எந்த அறையில் உட்கார வைப்பீர்கள், எந்த ஆசிரியர் கூட இருப்பார்? வெள்ளம் வந்தாலும் புகைமூட்டம் வந்தாலும் இதே கேள்விகள்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார்.